மரம் விழுந்த சாலையில் ஓர் இறுதி ஆட்டத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி. கள்ளக்குறிச்சியில் எங்கள் அரிசி ஆலையின் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏழு ஆட்டக்காரர்களையும் ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினேன். அறுபத்தைந்து கிலோ பிரிவு. அதற்குமேல் நூறு கிராம் கூடினாலும் ஆளை வெளியே நிறுத்திவிடுவார்கள். ஆறு பேர் சுலபமாகத் தேறினார்கள். ஏழாவது ஆள் ஏழுமலை. அறுபத்து நான்கு கிலோ எழுநூறு. இரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக் கிடந்துதான் அந்த எடைக்கு வந்திருந்தான்.

நான் அந்த ஆலையில் எடைக் குமாஸ்தா. கபடி அணிக்கு மேனேஜரும் நான்தான். கபடியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். என் எடை எண்பத்திரண்டு. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். “எடை பாக்கத் தெரிஞ்ச ஆளு நீதான்யா” என்று சொல்லி முதலாளி இதை என் தலையில் கட்டிவிட்டார். ஸ்கோர் எழுதுவது, துண்டு சோப்பு வாங்குவது, ஏழு தடியன்களுக்கு நடுவே சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை.

எங்கள் பக்கத்தில் அதுவரை கபடி ஆடியவர்கள் ஊருக்காக ஆடியவர்கள். மாதச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்த முதல் அணி எங்களுடையது. போன இடமெல்லாம் “கூலிக்கு ஆடறவனுங்க வந்துட்டானுங்கடா” என்று கேலி. கேலி செய்த ஊரிலெல்லாம் ஜெயித்தோம். தியாகதுருகத்தில் கோட்டைமலை அடிவாரத்தில் ஆறு புள்ளி வித்தியாசம். சங்கராபுரத்தில் மழையில், முழங்கால் சேற்றில், ஒரே ஒரு புள்ளி. ஆறு ஆட்டம், ஆறிலும் வெற்றி, சமவெளிப் பிரிவில் முதலிடம். கல்வராயன் மலைப் பிரிவில் ஒரு மலையூர் அணி முதலிடம். இரண்டுக்கும் இறுதி ஆட்டம் எங்கே என்று சீட்டுக் குலுக்கினார்கள். மலை என்று வந்தது.

முதலாளி வெள்ளிக்கிழமை எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். ஷீல்டு வந்தால் ஏழு பேருக்கும் ஆலையில் நிரந்தர வேலை. வரவில்லை என்றால் அணியைக் கலைத்துவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். மற்றவர்களுக்காவது ஆளுக்கு அரைக் காணி நிலம் உண்டு. ஏழுமலை கருணாபுரத்து ஆள். அணியில் சேரும்வரை, விடிந்தால் கடைத்தெருவில் போய் நின்று, கூப்பிட்டவர் பின்னால் போன தினக்கூலி. இரண்டு பெண் குழந்தைகள். முதலாளி பேசி முடித்ததும் என்னிடம் வந்து, “நெசமாத்தான் சொல்றாராண்ணே?” என்று மூன்று முறை கேட்டான்.

எல்லாம் சரி, போவதற்கு வழி? எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்களில் சாலை மறியல் நடந்த வாரம் அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஓடி நாலைந்து நாளாகியிருந்தது. வடக்கே துப்பாக்கிச்சூடு என்று பேச்சு. ஆட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி மலைக்குத் தகவல் அனுப்பவும் வழியில்லை. போட்டி விதி தெளிவாக இருந்தது: மாலை நான்கு மணிக்கு மூன்று விசில், ஏழு பேர் கோட்டுக்குள் நிற்காவிட்டால் ஷீல்டு எதிரணிக்கு. மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் உளுந்தூர்பேட்டைப் பக்கம். அவர்கள் வந்து சேரவில்லை. ஆகவே சரியாக ஏழு பேர், ஒருவர் குறைந்தாலும் போச்சு.

காலை 5.40. ஆலையின் வேனில் ஆறு கிலோமீட்டர்தான் போக முடிந்தது. முதல் மரம். ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு அப்பால வண்டி போவாதுங்க. நான் ஆலைக்கே திரும்பிடறேன்” என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற நாளில் ஒன்றரை ரூபாய் டிக்கெட்டில் கச்சிராயபாளையம் போய் இறங்கியிருப்பேன். மிச்சம் பத்து கிலோமீட்டர் நடை.

நடந்தோம். அந்தச் சாலையை அப்படி நான் பார்த்ததே இல்லை. கரும்பு லாரி இல்லை, சைக்கிள்கூட இல்லை. இரண்டு பக்கமும் அடிமரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. வெயில் நேராகத் தலையில் இறங்கியது. ஒரு டீக்கடை பாதி திறந்திருந்தது. அறுபது பைசா டீ அன்று ஒரு ரூபாய். கேட்டதற்கு, “பால் நடந்து வருதுங்க” என்றார் கடைக்காரர். ஏழுமலைக்கு நான் டீ வாங்கித் தரவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

காலை 8.45. கச்சிராயபாளையம் நெருங்குகையில் பெரிய கூட்டம். நாற்பது ஐம்பது பேர், கையில் ரம்பமும் அரிவாளும். கீழே சாய்த்த ஒரு பெரிய புளியமரத்தைச் சாலைக்குக் குறுக்கே திருப்ப முடியாமல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

முன்னால் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தொண்டை கட்டிப்போன குரல். “எங்க போறீங்க?”

“மலைக்குங்க. கபடி ஃபைனல்” என்றேன்.

“நாடே நின்னு போய்க் கெடக்குது. உங்களுக்குக் கபடி கேக்குதா?” என்றவர் எங்கள் கேப்டன் தனசேகரைப் பார்த்துவிட்டார். அவருக்கு உறவுக்காரப் பையன். “நீ இன்னாடா இங்க? உங்கண்ணன் மூணு நாளா ரோட்ல படுத்துக் கெடக்கிறான். நீ கோடு தாண்டப் போய்க்கினு இருக்கிற.”

தனசேகர் முகத்தில் ஈயாடவில்லை. “ஆடிட்டு வந்துடறேன் சித்தப்பா” என்றான். அந்த ஒரு வாரமும் அவன் சரியாகச் சாப்பிடாததும் யாரோடும் பேசாததும் ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“சரி, மத்தவங்க எந்தெந்த ஊரு? சொல்லு.”

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஏழுமலையின் முறை வந்தது. “கருணாபுரங்க” என்றான்.

“முந்தாநேத்து நாங்க போட்ட மரத்த போலீசுக்கு அறுத்துத் தள்ளக் கூலிக்குப் போனது அந்த ஊரு ஆளுங்கதான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். முன்னால் நின்றவர் யோசித்தார். “இவன் இங்க நிக்கட்டும். மத்தவங்க போங்க.”

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. வாய் மட்டும் ஓடியது. “ஐயோ, அவனுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. ஒரு வாரமா எங்க ஆலைக்குள்ளதான் இருக்கிறான். வெளியவே வுடலைங்க” என்று புளுகினேன். தனசேகர், “அவன் நின்னா நாங்களும் நிக்கிறோம் சித்தப்பா” என்றான்.

ஏழுமலை என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னான். “கூப்டாங்கங்க. மரம் அறுக்க வா, நாலு பங்கு கூலின்னாங்க. நான் போவல.”

“ஏன் போவல?”

உங்கள் போராட்டம் நியாயமானது, அதனால் போகவில்லை என்று சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“மேட்ச்சு இருக்குதுங்க. மரத்துக்கடியில கைய கிய மாட்டிக்கினா ஆட முடியாது. அதான்.”

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவன் ஒருத்தனுக்குத்தான்டா பொய் சொல்லத் தெரியல” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னவர், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆனால் சும்மா விடவில்லை. “கபடிக்காரனுங்கதான? இழுங்க இந்த மரத்த” என்றார். கயிற்றைப் பிடித்தோம். ஏழுமலைதான் முதலில் தோளில் போட்டுக்கொண்டான். நானும் இழுத்தேன், உள்ளங்கை உரிந்துபோனது. மரம் சாலைக்குக் குறுக்கே வந்து விழுந்ததும் அவர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். “வேண்டுதலாங்க எங்களுக்கு, மரத்த வெட்டணும்னு? எங்க புள்ளைங்க படிக்கிற எடத்துல, வேல குடுக்கிற எடத்துல எங்களுக்கு ஒரு பங்கு வேணும். வேற எப்படித்தான் கேக்குறது?” என்றார். என் தங்கை மகன் மதிப்பெண் இருந்தும் கல்லூரியில் இடம் கிடைக்காமல் ஆலையில் தவிடு அள்ளுகிறான். அவர் சொன்னது எனக்கு உறைத்தது. மணி ஒன்பதே முக்கால் ஆனதும் உறைத்தது.

காலை 10.30. கோமுகி அணையின் கரையோரமாகப் போய் அடிவாரத்தைத் தொட்டோம். தார்ச்சாலை வளைந்து வளைந்து போகிறது. நேரம் இல்லை என்று தனசேகர் குறுக்குப் பாதையில் ஏற்றிவிட்டான். மலைக்காரர்கள் தலைச்சுமையோடு இறங்குகிற ஒற்றையடிப் பாதை. அவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறுவார்களாம். எங்களுக்கு என்னால் மூன்று மணி நேரம் ஆனது. கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்து நாற்பத்தாறு வயதாகிறது, தினமும் கண்ணால் பார்க்கிற மலை. அதுவரை ஒருமுறைகூட ஏறியதில்லை. ஏறிய அன்று அது மலையாகவே தெரியவில்லை, தண்டனையாகத்தான் தெரிந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டு, “நீங்க போங்கடா, நான் இங்கயே செத்துக்கறேன்” என்றேன். ஏழுமலை திரும்பி வந்து என் பையை வாங்கிக்கொண்டான். “ஸ்கோர் எழுத ஆளு வேணுமேண்ணே” என்றான்.

மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கடுக்காய் மரங்கள், பலா மரங்கள். சரிவுகளில் சாமைப் பயிர் பச்சையாக அசைந்தது. கீழே அணைத் தண்ணீர் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மறியல், மரம், போலீஸ் எதுவும் அங்கிருந்து தெரியவில்லை.

பகல் 1.30. பதினைந்து வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர். ஆட்டம் நடக்கிற திடல் அதற்கு அப்பால் இரண்டு மைல். வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தோம். ஒருவர் எதிரே வந்து நின்றார். இருபத்தெட்டு வயது இருக்கும், கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு. பெயர் வெள்ளையன்.

“கீழேர்ந்து நடந்தா வறீங்க? கை கழுவுங்க” என்றார்.

“நேரம் இல்லைங்க. திரும்பி வரும்போது சாப்பிடறோம்.”

“அது ஆவாதுங்க. நடந்து வந்தவங்க துன்னாம எங்க ஊரத் தாண்டிட்டா, இன்னிக்கு எந்த வூட்லயும் ஒல வெக்க மாட்டாங்க. கொழந்தைங்கல்லாம் பட்டினி கெடக்கும்.” மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். அந்த ஊர் வழக்கம் அது. பதினைந்து வீட்டின் அடுப்பும் எங்கள் கையில் என்றால் என்ன செய்வது? உட்கார்ந்தோம்.

ஏழுமலையின் காதில், “ஒரே ஒரு வாய். மரியாதைக்கு. புரிஞ்சுதா?” என்று சொன்னேன். தலையாட்டினான். வெள்ளையனின் மனைவி சின்னப்பொண்ணு பரிமாறினாள். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, ஆவி பறக்க. இதற்குமேல் நடந்ததை வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. பசி. குழம்பில் கை வைத்த நான் தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்து, ஏப்பம் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஏழுமலையின் இலை காலி. சின்னப்பொண்ணு அவனுக்கு ஐந்தாவது அகப்பையைப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலிச் சொம்பு. இரண்டு நாள் பட்டினி கிடந்தவனிடம் ஒரு வாய் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நான் மூக்குப் பிடிக்கத் தின்றிருக்கிறேன். எடை பார்க்கத் தெரிந்த ஆள்!

வெள்ளையனும் எங்களோடு கிளம்பினார். “நானும் ஆட்டத்துக்குத்தாங்க” என்றார். வேடிக்கை பார்க்க வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சின்னப்பொண்ணும் இன்னும் சில பெண்களும் ஆட்டம் முடிந்து சாப்பிடுவதற்காகச் சோற்றுப் பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

பகல் 3.10. திடல். முந்நூறு நானூறு பேர். புளியமரக் கிளையில் கடுக்காய் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு தட்டில் அறுபத்தைந்து கிலோ எடைக்கல், மறு தட்டில் ஆள் குந்த வேண்டும். நடுவர் சமவெளிப் பள்ளி ஒன்றின் டிரில் மாஸ்டர். மறியல் தொடங்கும் முன்பே மேலே வந்து மாட்டிக்கொண்டவர்.

ஆறு பேரும் தேறினார்கள். ஏழுமலை குந்தியதும் அவன் தட்டு கீழே இறங்கித் தரையைத் தொட்டது. கல் இருந்த தட்டு மேலே நின்றது. திடலே “ஓ” என்றது.

அப்போதுதான் எதிரணியின் வரிசையைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக நின்றது வெள்ளையன். அவர்கள் கேப்டனே அவர்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “சோத்தப் போட்டே கவுத்துட்டீங்களேய்யா! வழக்கமாம், ஒலையாம்! நல்லா நடிச்சீங்க” என்று கத்தினேன். வெள்ளையன் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். எடைப் பிரிவு என்றால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வருவார்கள் என்பதே அவருக்குத் தெரியாதாம். உழைக்கிற உடம்பு என்ன இருக்கிறதோ அதுதான் எடை என்று இருக்கிற ஆட்கள். அந்த நேரத்தில் நான் எதையும் நம்பத் தயாராக இல்லை.

நடுவர் அரை மணி நேரம் கொடுத்தார். ஏழுமலை உடம்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு திடலைச் சுற்றி ஓடினான். மலை ஏறிய கால், மரம் இழுத்த தோள். பத்தாவது சுற்றில் தடுமாறி விழுந்து எழுந்தான். மறுபடி தராசில் குந்தினான். கல் கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. இன்னும் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும் என்று என் கண்ணுக்கே தெரிந்தது. மணி 3.45.

“வாயில வெரல வுட்டு எடுத்துடுடா. வேற வழியில்ல” என்றான் தனசேகர். ஏழுமலை மரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தான். அவன் தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

“இன்னா பண்றீங்க?” பின்னால் சின்னப்பொண்ணு. தலையில் சோற்றுப் பானை. நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

“நான் போட்ட சோத்தையா வாந்தி எடுக்கச் சொல்றீங்க?” என்றாள். “அஞ்சு அகப்ப சோறு. ஒரு சொம்புத் தண்ணி. போட்டவ நானு. அத வெளிய எடுக்கறதுக்கு நீங்க யாரு?”

விறுவிறுவென்று தராசுக்குப் போனாள். கல் இருந்த தட்டில் ஒரு இலையைப் போட்டாள். பானையிலிருந்து அகப்பையால் அள்ளி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஐந்து அகப்பைச் சோற்றை வைத்தாள். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். “இப்ப அவர குந்தச் சொல்லுங்க. எங்க வூட்டுச் சோறு இந்தப் பக்கம் இருக்குது. அந்தப் பக்கம் அவரு மட்டும்தான்.”

நடுவர் தலையைச் சொறிந்தார். இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. “எதிரணி கேப்டன் ஒத்துக்கினா எனக்கு ஆட்சேபண இல்ல” என்றார்.

வெள்ளையன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். சம்மதிக்க வேண்டாம் என்று ஒருவன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். ஷீல்டு அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் மேசைமேல் இருந்தது. அவர் கையை விடுவித்துக்கொண்டு, “நாங்க போட்ட சோத்த நாங்களே நிறுக்கறது எப்படிங்க? ஆடட்டும்” என்றார்.

ஏழுமலை குந்தினான். கல் இறங்கியது. எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வெள்ளையனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “நேரமாச்சுங்க, ஆடலாம்” என்று மட்டும் சொன்னார்.

மாலை 4.00. மூன்றாவது விசிலின்போது எங்கள் ஏழு பேரும் கோட்டுக்குள் நின்றார்கள். நான் நடுக்கோடு முடிகிற இடத்தில் ஒரு சாக்கைப் போட்டுக் குந்திக்கொண்டேன், மடியில் ஸ்கோர் நோட்டு.

மலைக்காரர்கள் பிடித்தால் பிடித்ததுதான். முதல் பாதியில் நாங்கள் மூன்று புள்ளி பின்னால். இரண்டாம் பாதியில் தனசேகர் இரண்டு முறை பாடிப் போய் ஆளைத் தொட்டு வந்தான். ஏழுமலைக்குக் கால் வரவில்லை. ஆனாலும் அவன் பாடப் போனால் எதிரணி முழுக்கப் பின்னால் ஒதுங்கியது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. கடைசிப் பாட்டு எங்களுடையது. ஏழுமலை நெற்றியில் மண்ணைத் தொட்டு வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான்.

கபடி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே போய்த் தன் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் அவன் அவுட். பிடித்தவர்களோடு இழுபட்டுக்கொண்டே வந்து மூச்சு விடாமல் கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்கள் எல்லாரும் அவுட்.

அவன் இடது மூலையில் ஒருவனைத் தொட எட்டினான். வெள்ளையன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டார். ஏழுமலை குப்புற விழுந்தான். வெள்ளையன் அவன் முதுகில் விழுந்தார், இன்னும் இரண்டு பேர் மேலே. அப்படியே மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு முழங்கையால் ஊர்ந்து வந்தான், என்னை நோக்கி. கபடி, கபடி. மண்ணுக்குள்ளிருந்து வருவது போலச் சத்தம். கோட்டுக்கும் அவன் விரலுக்கும் ஒரு சாண். திடல் முழுக்கக் கூச்சல். நடுவர் அந்தப் பக்கம் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கபடிச் சத்தம் நின்றது. அவன் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம்தான் விரல் கோட்டில் பட்டது.

நடுவர் விசில் ஊதி எங்கள் பக்கம் கை காட்டினார். மூன்று புள்ளி. இருபத்தாறுக்கு இருபத்து மூன்று. தனசேகரும் மற்றவர்களும் ஓடிவந்து ஏழுமலையைத் தூக்கினார்கள். அவன் தூக்கியவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் மூன்று கோடு போட்டேன். எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழு பேரின் வேலை என்று நினைத்தேன். நெசமாத்தான் சொல்றாராண்ணே என்று அவன் கேட்டதை நினைத்தேன்.

அன்று இருட்டுவதற்குள் வெள்ளையன் ஊருக்கே திரும்பி அங்கேயே தங்கினோம். அதே சாமைச் சோறு. தோற்றவர்கள் பரிமாறினார்கள், ஜெயித்தவர்கள் சாப்பிட்டோம். ஏழுமலை மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லி இலையில் உட்காரவில்லை. சின்னப்பொண்ணு இரண்டு முறை வந்து கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை, காலை 6.00. புறப்பட்டோம். ஏழுமலை ஷீல்டைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். வெள்ளையன் ஊர் எல்லையில் இருக்கும் ஓடைவரை வழியனுப்ப வந்தார். நான் வழக்கம்போலக் கடைசி. ஓடையில் கால் வைக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒண்ணு சொல்லணுங்க. அந்த அண்ணன் நேத்து சோறு துன்னல. வூட்ல ரொம்ப வருத்தப்பட்டுச்சு.” என் கையை விட்டுவிட்டுச் சொன்னார். “அவரு மூச்சு வுட்டது எனக்குத் தெரியுங்க. அவரு மேலதான நான் கெடந்தேன், வாயி என் காதாண்டதான் இருந்துச்சு. நடுவரு குடுத்துட்டாரு, முடிஞ்சு போச்சு. அதுக்காவ அவரு பட்டினி கெடக்க வேணாம்னு சொல்லிடுங்க.”

எனக்கும் கேட்டது என்று நான் சொல்லவில்லை. சரிங்க என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

இறங்குகிற வழியில் ஏழுமலை இரண்டு முறை நின்று கேட்டான். “அவரு இன்னாண்ணே சொன்னாரு?” இரண்டு முறையும், “பாத்து எறங்குங்கன்னாரு” என்றேன்.

கச்சிராயபாளையத்தில் மரங்கள் அப்படியே கிடந்தன. தொண்டை கட்டியவர் ஷீல்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களைத் தாண்டிப் போகச் சொன்னார். தனசேகர் எங்களோடு வரவில்லை. ஜெர்சியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்துகொண்டான். மற்றவர்கள் பதினாறு கிலோமீட்டரும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தோம்.

முதலாளி சொன்னபடி செய்தார். மறியலுக்குப் போனவன் என்று தனசேகரையும் ஒதுக்கவில்லை, ஏழு பேருக்கும் நிரந்தரம். ஏழுமலை தினமும் என் மேடைக்கு மூட்டை கொண்டுவருகிறான். பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறான். கபடியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. வெள்ளையன் சொல்லி அனுப்பியதை இன்றுவரை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் தெரியும் என்று ஆகிவிடும். அதுதான் பயம்.

அதனால்தான் இதை ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சில் வந்ததும் ஒரு பிரதி ஆலைக்கு வரும். ஏழுமலை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், நேரமாகும். ஆனால் கடைசிவரை படித்துவிடுவான்.